நாலரை வயசுல ஓட்டப்பந்தயத்துல கடைசி: இப்பவே கோச்சிங் சேர்க்கணுமா?

கேள்வி, 25 ஜனவரி 2025

பெருந்துறைங்க. பையனுக்கு நாலரை வயசு, எல்.கே.ஜி. இன்னைக்கு ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே. ஓட்டத்துல கடைசி. பாதி வழியில நின்னு எங்களைத் தேடுனான், பார்த்துட்டு மறுபடியும் ஓடுனான். பக்கத்துல நின்ன ஒருத்தர் அவரு பையனை மூணரை வயசுல இருந்தே ஸ்கேட்டிங்குக்கு விடறாராம். "அஞ்சு வயசுக்குள்ள ஏதாச்சும் ஒரு கேம்ல போட்டுடணுங்க, அப்புறம் புடிக்க முடியாது"ங்கறார். நெஜந்தானா? சேர்க்கறதுன்னா எதுல சேர்க்கறது?

25 ஜனவரி, ராத்திரி

நெஜமில்லைங்க. ஸ்கேட்டிங் சேர்க்கறது உங்க இஷ்டம். "அப்புறம் புடிக்க முடியாது"ங்கற பயத்துல மட்டும் சேர்க்காதீங்க.

பையன் எந்த மாசம் பொறந்தவன்? ஒரே எல்.கே.ஜி. கிளாஸ்ல ஜூன்ல பொறந்த புள்ளையும் இருக்கும், அடுத்த மே மாசம் பொறந்த புள்ளையும் இருக்கும். நமக்குப் பதினோரு மாசம் ஒண்ணும் பெருசில்லை. நாலு வயசுப் புள்ளைக்கு அது வாழ்ந்த காலத்துல கிட்டத்தட்ட கால்வாசி. காலோட நீளம், மூச்சு, விசில் அடிச்சதும் கிளம்பணும்ங்கற வெவரம், எல்லாத்துலயும் அந்தக் கால்வாசி தெரியும். கனடாவுல 1980-கள்லயே ஐஸ் ஹாக்கி ஆடறவங்க பொறந்த மாசத்தைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்காங்க. அங்க வயசுக் கணக்கு ஜனவரி 1-ல ஆரம்பிக்குது. பெரிய டீம்ல ஆடறவங்கள்ல ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல பொறந்தவங்கதான் அதிகம். சின்னதுல கொஞ்சம் வளர்ந்த புள்ளையா இருந்ததால டீம்ல எடுத்தாங்க, எடுத்ததால நல்ல பயிற்சி கெடைச்சுது, அப்படியே மேல போயிட்டாங்க. திறமை இல்லைன்னு ஒதுக்குன எத்தனையோ புள்ளைங்க மாசம் மாத்திப் பொறந்த புள்ளைங்கதான்.

உங்க பையன் பாதியில நின்னதை நான் தோத்ததா எடுத்துக்கவே மாட்டேன். அத்தனை கூட்டம், மைக் சத்தம், ரெண்டு பக்கமும் கத்தறாங்க. நம்ம ஆளுங்க எங்கன்னு தேடியிருக்கான். பார்த்ததும், யாரும் தள்ளி விடாமலே, மறுபடியும் ஓடி முடிச்சிருக்கான். இதை அவன்கிட்ட சொன்னீங்களா? தூங்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.

26 ஜனவரி

எங்க பாப்பா இப்ப ஒண்ணாங்கிளாஸ். அவ எல்.கே.ஜி. படிக்கறப்ப தவளை ஓட்டம் வெச்சாங்க. சுண்ணாம்புக் கோட்டுல வரிசையாப் புள்ளைங்களைக் குந்த வெச்சு விசில் அடிச்சதும், ரெண்டு தாவல்தான். அப்புறம் எல்லாம் எந்திரிச்சு ஓடிருச்சுங்க. எங்க புள்ளை மட்டும் குந்துனது குந்துனபடி. ரெண்டு உள்ளங்கையையும் மண்ணுல பதிச்சு, ஒரு தாவல், நின்னு, மறுபடி கையைப் பதிச்சு, இன்னொரு தாவல். அடுத்த பந்தயத்துக்கு ஆளுங்களை நிறுத்திட்டாங்க, இவ பாதி வழியில இருக்கா. மிஸ் வந்து "போதும் வா கண்ணு"ங்கறாங்க. தலையை ஆட்டிட்டு, கோடு வரைக்கும் தாவிட்டுத்தான் எந்திரிச்சா. உள்ளங்கையெல்லாம் செம்மண்.

எங்கிட்ட வந்து, "அம்மா, நான் மட்டுந்தான் தவளையாவே போனேன்" அப்படின்னா.

அவ சொன்னது நூத்துக்கு நூறு உண்மைங்க. பரிசு வாங்குன புள்ளைங்க ஓட்டப்பந்தயம் ஓடுச்சுங்க, இவ தவளைப் பந்தயம் முடிச்சா. வீடு வந்து சேர்ற வரைக்கும் வண்டியில என் முதுகுல சாஞ்சுட்டு அதையேதான் பேசிட்டு வந்தா.

26 ஜனவரி, பொழுதோட

எல்லாருக்கும் மெடல் கொடுக்கறது சரியான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அஞ்சு வயசு வரைக்கும் கொடுக்கட்டுமே. கழுத்துல போட்டுட்டே தூங்கறதுங்களுக்கு ஒண்ணாவதும் ஒம்பதாவதும் ஒண்ணுதான்.

அதைவிட எனக்கு உறுத்தறது வேற. கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கற அம்புட்டுப் பேரும் போனைத் தூக்கி மொகத்துக்கு முன்னாடி வெச்சிருக்கோம். புள்ளை ஓடியாந்து நம்ம மொகத்தைத் தேடுது, அங்க மொகமே இல்லை. ஒருத்தர் வீடியோ எடுங்க, ஒருத்தர் ரெண்டு கையையும் காலியா வெச்சுட்டு நில்லுங்க.

29 ஜனவரி

எதுல சேர்க்கறதுன்னு கேட்டிருந்தீங்க, அதுக்கு பதில் சொல்லாம விட்டுட்டுப் போயிட்டேன்.

இப்போதைக்கு எதுலயும் வேண்டாங்க, எல்லாத்துலயும் விடுங்க. மூணு நாலு வயசுப் புள்ளைங்க ஒரு நாளைக்கு 180 நிமிஷமாச்சும் உடம்பை அசைச்சுட்டு இருக்கணும், அதுல 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்கற மாதிரி இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு. தோட்டத்துச் சாளையில, அதாவது தோட்டத்து வீட்ல, வளர்ற புள்ளைக்கு இது ஒரு கணக்கே இல்லை. ஆட்டுக்குட்டிய தொரத்துறதுலயே பாதி முடிஞ்சிரும். டவுன்ல மூணாவது மாடியில இருக்கற புள்ளைக்குத்தான் நாம நேரம் ஒதுக்கணும். கோச்சிங் ஃபீஸ் கட்டி வாரத்துல ரெண்டு நாள் ஒரு மணி நேரம் விடறதைக் காட்டியும், தெனமும் பொழுதோட கிரவுண்டுல அவுத்து விடறது மேல்.

ஒரே விளையாட்டைப் பிடிச்சுக்கறதுக்கு அவசரமே இல்லைன்னு குழந்தை மருத்துவர்களே சொல்றாங்க. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2016-ல விட்ட அறிக்கையில, பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பதினஞ்சு, பதினாறு வயசு வரைக்கும் தள்ளிப் போடறதுதான் நல்லதுன்னு இருக்கு. அதுக்கு முன்னாடியே ஒண்ணுலயே கெடந்தா ஒரே எடத்துல அடிபடறதும், வெறுத்துப் போய் விட்டுடறதும் அதிகம். ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி சிலது சீக்கிரம் ஆரம்பிக்கறதுதான், மறுக்கலை. ஆனா ஆரம்பிக்கறது வேற, அதைத் தவிர வேற எதையும் தொடக்கூடாதுன்னு பூட்டி வெக்கறது வேற.

நம்ம பக்கத்து ஆளுங்களையே பாருங்க. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், கிரிக்கெட்காரர், டென்னிஸ் பந்துல ஆடி வளர்ந்தவர். 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல இந்தியாவுக்கு மொதல் முறையா இறங்கறப்ப அவருக்கு 29 வயசு. அந்த ஒரே டூர்ல ஒருநாள், டி20, டெஸ்ட் மூணுலயும் ஆடி முடிச்சார். அதே சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. அஞ்சு வயசுல ஸ்கூலுக்கு நடந்து போறப்ப பஸ் ஏறி வலது கால் நசுங்கிருச்சு. ஸ்கூல்ல வாலிபால் ஆடிட்டிருந்தவரை உயரம் தாண்டிப் பாருன்னு சொன்னது ஒரு பி.டி. வாத்தியார். 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவுல வெள்ளி, 2024 பாரிஸ்ல வெண்கலம். அஞ்சு வயசுக்குள்ள போட்டாத்தான் ஆச்சுன்னா இவரு கதை எங்க நிக்கும்?

3 பிப்ரவரி

மேல ஒரு தங்கச்சி கேட்டிருக்கு, குழந்தைக்கு 13 மாசம், தனியா நடக்கலை, நாத்தனார் புள்ளை பத்து மாசத்துலயே நடந்துச்சாம், வாக்கர் வாங்கலாமான்னு.

வெசனமே படாதே தங்கம். உலக சுகாதார நிறுவனம் இந்தியாவையும் சேர்த்து அஞ்சு நாட்டுக் குழந்தைங்களைக் கூடவே இருந்து கவனிச்சு 2006-ல ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. எதையும் புடிக்காம உக்கார்றது 3.8 மாசத்துல இருந்து 9.2 மாசத்துக்குள்ள எப்ப வேணா வரலாம். தனியா நடக்கறது 8.2-ல இருந்து 17.6 மாசத்துக்குள்ள. நாத்தனார் புள்ளையும் அதுக்குள்ளதான், உம் புள்ளையும் அதுக்குள்ளதான். இன்னொண்ணு, நூத்துக்கு நாலு குழந்தைங்க கையும் முட்டியும் ஊனித் தவழறதே இல்லை. குண்டியில நகர்ந்தோ நேரா எந்திரிச்சோ போயிருதுங்க. தவழாம நடந்தா புத்தி மட்டுன்னு ஊர்ல சொல்றதுக்கு ஆதாரமில்லை.

நம்ம பெரியவங்களும் இதை மாசக் கணக்காப் பார்த்தவங்கதான். பிள்ளைத்தமிழ்ல பருவம் பருவமாப் பிரிச்சு வெச்சிருக்காங்க பாருங்க, மூணாம் மாசம் காப்புல ஆரம்பிச்சு, அஞ்சுல செங்கீரை, ஏழுல தால், ஒம்பதுல சப்பாணி, பதினொண்ணுல முத்தம், பதிமூணுல வாரானை. செங்கீரைங்கறது கைய ஊனித் தலையத் தூக்கி ஆடறது, சப்பாணி கை கொட்டறது, வாரானை நடந்து வாடான்னு கூப்பிடறது. பாட்டு எழுத வந்த புலவர் குழந்தை குப்புறப் படுத்துத் தலை தூக்குனதைக்கூட விடலை. அது ஒரு சாதனைன்னு தெரிஞ்சிருக்கு. காலேஜ்ல படிக்கறப்ப இதை மனப்பாடம் பண்ணி எழுதுனதுதான், சொந்தமா ஒரு புள்ளை வந்த பொறகுதான் ஒவ்வொரு பருவத்துக்கும் பத்துப் பாட்டு ஏன் வேணும்னு வெளங்குச்சு.

வாக்கர் வேண்டாம். சக்கரம் வெச்ச அந்த வட்ட வண்டியில குழந்தை பெருவிரல்ல உந்தி உந்திப் போகும், நிக்கறதுக்குப் பழகாது. படிக்கட்டுல உருண்டு மண்டை அடிபடறதுதான் பெரிய ஆபத்து. கனடாவுல 2004-ல இருந்து விக்கறதுக்கே தடை. மரத்துல செஞ்ச நடைவண்டி வேற, அதைக் குழந்தை சொந்தக் கால்ல நின்னு தள்ளணும். யாராச்சும் பக்கத்துல இருந்தா அது போதும். செருப்பும் வேண்டாம் வீட்டுக்குள்ள, வெறுங்கால்ல நடக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணு. 18 மாசம் ஆகியும் தனியா நடக்கலைன்னாலும், வந்த பழக்கம் ஒண்ணு திரும்பிப் போனாலும் (நின்னுட்டு இருந்த குழந்தை நிக்கறதை விட்டா), அப்ப யாரு பேச்சும் கேக்காம டாக்டர்கிட்ட போயிரு.

4 பிப்ரவரி

நேத்து எழுதுனதுல இருந்து தம்பி நடந்த நாள் ஞாபகமாவே இருக்கு. சின்னவன், பாப்பாவுக்கு அடுத்தவன். பொறந்தநாள் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் ஆகியும் கயித்துக் கட்டிலைப் புடிச்சுட்டே சுத்திச் சுத்தி வந்தான். கையை விட மாட்டான். களத்துல மஞ்சள் காயப் போட்டிருந்தாங்க, அவங்க அப்பாரு, அதான் தாத்தா, அதைப் பலகையில தள்ளித் தள்ளிப் பரத்திட்டு இருந்தார். அந்தச் சரசர சத்தம் இவனுக்கு என்னமோ பண்ணிருக்கு. கட்டிலை விட்டான். ரெண்டு கையையும் தோளுக்கு மேல தூக்கிட்டு, பாதத்தை அகட்டி வெச்சு, நாலஞ்சு அடி. வேக வெச்சுக் காய்ஞ்ச வெரலி மஞ்சள் காலுல பட்டதும் அப்படியே குந்திட்டான். அழுகலை. ஒரு கெழங்கை எடுத்து வாயில வெச்சுட்டான்.

பாப்பா அப்ப கத்துன கத்தலு பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். "தம்பி நடந்துட்டான், நாந்தான் பார்த்தேன்"னு. மொதல்ல பார்த்தது யாருங்கறதுல அவளுக்கும் அப்பாருக்கும் இன்னைக்கு வரைக்கும் வழக்கு நடக்குது.

16 பிப்ரவரி

இழை ஆரம்பிச்சு வெச்ச பெருந்துறைக்காரர் கேட்டிருக்கார்: "புள்ளைகிட்ட மொகத்துக்கு நேரா பெருமையாச் சொன்னா தலைக்கனம் வந்துராதுங்களா? எங்க வீட்ல பெரியவங்க திருஷ்டிங்கறாங்க."

எங்க வீட்லயும் அதேதான். எங்க அத்தை வாயில இருந்து புள்ளைங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை அதுங்க காதுல விழாது. "பெத்தவ கண்ணே பொல்லாதது"ம்பாங்க. தம்பி நடந்த அன்னைக்குப் பொழுதோட மொத வேலையா உப்பு மொளகா சுத்திப் போட்டாங்க. ஆனா ரேஷன் கடை வரிசையில நிக்கறப்ப அவங்க பேசறதைக் கேக்கணும். தவளைப் பந்தயக் கதை எனக்குத் தெரிஞ்சு அந்தக் கடைக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும். அன்பு இல்லாம இல்லைங்க, அளவில்லாம இருக்கு. புள்ளைக்கு மட்டும் வந்து சேர்றதில்லை.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பத்தாவது படிக்கறப்ப மாவட்ட அளவுல 400 மீட்டர்ல ரெண்டாவது வந்தேன். ஷூ கிடையாது, வெறுங்கால். வீட்டுக்கு வந்து சர்டிபிகேட்டை நீட்டுனா, எங்கப்பா பார்த்துட்டு, "செரி, மாட்டுக்குத் தண்ணி காட்டு போ"ன்னார். அவ்வளவுதான். அதுக்கடுத்த வருஷம் நான் ஓடலை. கல்யாணமாகிப் பல வருஷம் கழிச்சு, ஏதோ நகல் வேணும்னு அவரு பீரோவைத் தொறந்தேன். தோட்டத்துக் கெரயப் பத்திரம் வெச்சிருக்கற அதே பிளாஸ்டிக் கவர்ல, அது மேலயே என் சர்டிபிகேட். மடிப்பு விழாம அட்டை வெச்சு.

சந்தோசமாவும் இருந்துச்சு, கோவமாவும் இருந்துச்சு. பதினஞ்சு வயசுல எனக்கு அது தெரிஞ்சிருக்கணும்.

அதனால சுத்திப் போடறது அத்தை வேலை, சொல்றது என் வேலைன்னு வெச்சுட்டேன். என்ன சொல்றதுங்கறதுல மட்டும் கொஞ்சம் கவனமா இருப்பேன். "நீதான் கெட்டிக்காரி"ன்னு பொத்தாம் பொதுவாச் சொன்னா அடுத்த தடவை தோத்தா கெட்டிக்காரி இல்லையான்னு கேக்கும். "மிஸ் கூப்பிட்டும் நீ பாதியில எந்திரிக்கலை, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது" அப்படின்னு பார்த்ததைச் சொன்னா, அது அவ செஞ்ச காரியம். யாரும் எடுத்துக்க முடியாது. இதுல தலைக்கனம் வர்றதுக்கு எடமே இல்லைங்க.

9 மார்ச்

"அப்ப போட்டியே வேண்டாங்கறீங்களா?"ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. முன்னாடி எழுதுனதைத் திரும்பப் படிச்சா அப்படித்தான் தொனிக்குது. நான் அதைச் சொல்லலை.

புள்ளைங்களுக்குப் போட்டின்னா உசுரு. எங்க பாப்பாவும் அவ மாமன் பையனும் லீவுல சேர்ந்தா, போர் தொட்டி வரைக்கும் யாரு முன்னாடி, இட்லி யாரு முன்னாடி திங்கறது, செருப்பை யாரு முன்னாடி போடறது, எல்லாமே பந்தயந்தான். அவன் எட்டு மாசம் பெரியவன், எப்பவும் ஜெயிப்பான். இவ அழுவா. நான் "நீதாண்டி மொதல்ல வந்தே"ன்னு பொய் சொல்றதில்லை. தோத்தது அவளுக்கே தெரியும். கொஞ்ச நேரம் அழட்டும்னு விட்டுட்டு என் வேலையைப் பார்ப்பேன். மூக்கை உறிஞ்சிட்டு, "இன்னொருக்கா ஓடலாம் வாடா"ன்னு அவளே போவா. புள்ளைங்க தங்களுக்குள்ள வெச்சுக்கற போட்டியில நாம நடுவுல போகாம இருந்தாலே போதும். பெத்தவங்க ரெண்டு பேரு புள்ளைங்களைக் குறுக்க வெச்சு ஓடற போட்டிதான் வேண்டாங்கறேன்.

11 மே

ஜனவரி 29-ல எதுக்கும் அவசரமில்லைன்னு எழுதியிருந்தேன். அதுல ஒண்ணை மட்டும் தனியா எடுத்து வெக்கணும். நீச்சல். அது விளையாட்டுக் கணக்குல வராது, உசுருக் கணக்கு. நம்ம பக்கம் எங்க திரும்புனாலும் கெணறு, வாய்க்கால், ஏரி. ஒரு வயசுக்கு மேலயே நீச்சல் பழக்க ஆரம்பிக்கலாம், நாலு வயசுக்குள்ள பெரும்பாலான குழந்தைங்க தயாராயிரும்னு நான் மேல சொன்ன அதே அமெரிக்க டாக்டருங்க சொல்றாங்க. ஆறு மாசம் தள்ளிப் போடலாம்னு இதுல மட்டும் நெனைக்காதீங்க.

பாப்பாவுக்கு இந்த லீவுல எங்க தோட்டத்துக் கெணத்துலதான் பாடம். வாத்தியார் அப்பாரு. எங்க காலத்துல காய்ஞ்ச சுரைப்புருடை ரெண்டை முதுகுல கட்டி விடுவாங்க, இப்ப காலி எண்ணெய்க் கேன். அது ஒரு தெம்புக்குத்தான். நெஜமான காவல் இடுப்புல கட்டுன கயிறும், அதைப் புடிச்சிருக்கற பெரியவங்க கையும். அப்பாரு பக்கத்துலயே தண்ணியில நிப்பார், மேல கயிறு அவங்க அப்பா கையில.

மொத நாள் கடைசிக் கல்படியில உக்காந்து காலை மட்டும் விட்டா. மேல் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், முழங்காலுக்குக் கீழ சில்லுன்னு ஏறும். "கீழ யாரோ ஐஸ் போட்டிருக்காங்க"ன்னு காலைத் தூக்கிட்டா. அப்பாரு அவசரப்படுத்தலை. அடுத்த நாளும் படியில உக்காந்து மொகத்தைத் தண்ணியில வெச்சு வெச்சு எடுத்ததுதான். அப்புறம் ஒரு நாள் அவரு கை அவ வயித்துக்கு அடியில இருந்துச்சு, அப்புறம் ஒரு சாண் தள்ளி இருந்துச்சு, அவ அடிச்சுட்டே இருந்தா. கை எடுத்தது அவளுக்குத் தெரியலை. தெரிஞ்சதும் ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சா, இருமிட்டே, "பார்த்தீங்களா?"ன்னு மேல எங்களைப் பார்த்தா. நான் பார்த்தேன். அப்பவே சத்தமாச் சொல்லிட்டேன், அத்தையும் அங்கதான் நின்னாங்க.

கீழ்பவானி வாய்க்கால்ல நீச்சல் பழக்காதீங்க. மேல சாதுவாத் தெரியும், இழுப்பு பெரியவங்களையே சாய்க்கும், கரை வழுக்கும். கேன் கட்டியிருந்தாலும் புள்ளையைத் தனியா விடாதீங்க. போன் பார்த்துட்டு கயிறு புடிக்காதீங்க.

24 மே

பெருந்துறைக்காரர் எழுதியிருக்கார், படிக்கவே நல்லாருந்துச்சு. பையனை எந்தக் கோச்சிங்குலயும் சேர்க்கலையாம். மாரியம்மன் நோம்பிக்கு ஊர்ல வள்ளி கும்மி பழகறாங்க, அவங்க வீட்டம்மா போறப்ப இவனும் ஒட்டிக்கிட்டான், இப்ப வரிசையில கடைசி ஆளா அடி போடறான்னு போட்டிருக்கார். "இது விளையாட்டுல சேருமா?"ன்னு ஒரு கேள்வி வேற.

தாராளமாச் சேருங்க. ஆடிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், மணிக்கணக்கா குனிஞ்சு நிமிர்ந்து, குதிச்சு, திரும்பி, கூடவே பாட்டும் படிக்கணும். மூணு வயசுப் புள்ளையும் அறுபது வயசு அம்மிச்சியும் ஒரே வரிசையில, ஒரே தாளத்துக்கு. ஒருத்தரும் மொதல்ல வர முடியாது, ஒருத்தரும் கடைசியில வர முடியாது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்திரப்பன் அய்யாவுக்கு 2024-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்களே, இந்த வள்ளி ஒயில் கும்மிக்குத்தான். அப்ப அவருக்கு 87 வயசு. ஆம்பளைங்க ஆடிட்டிருந்த ஆட்டத்துல பொம்பளைங்களையும் பழக்கி விட்டவர் அவர். பையனுக்கு அவங்க அம்மா கூடவே ஆடற பாக்கியம் அப்படி வந்ததுதான்.

27 மே

டவுன்ல இருக்கறவங்க நீச்சல் குளத்துல சேர்க்கறதைப் பத்தி நாலஞ்சு பேர் தனியாக் கேட்டிருக்கீங்க. இங்கயே சொல்லிடறேன். ஃபீஸ் கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு மாஸ்டருக்கு எத்தனை புள்ளைங்கன்னு கேளுங்க. மாஸ்டர் தண்ணிக்குள்ள இறங்குவாரா, மேல நின்னு விசில் மட்டும் அடிப்பாரான்னு பாருங்க. அழற புள்ளையைத் தூக்கிப் போட்டாத்தான் பயம் தெளியும்னு சொல்ற எடத்துல விடாதீங்க. மொத வாரம் நீங்களும் கரையில உக்காருங்க. மொகத்தைத் தண்ணியில வெச்சு எடுத்துட்டு அது உங்களைத்தான் மொதல்ல தேடும்.